வெடிக்கு மேலே ஒரு வீடு

எங்களுக்கு அந்த வீடு கிடைத்ததற்கு ஒரே காரணம், வேறு எவரும் அதில் இருக்கச் சம்மதிக்காததுதான். டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் தள்ளி, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் மதிலை ஒட்டி நின்ற இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். கீழே ஸ்பானியர் சங்கத்தின் மண்டபம். மேலே இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் போயிருந்தன. எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் வயிற்றில் எங்கள் முதல் பிள்ளை. நாங்கள் அதுவரை இருந்த ஒற்றை அறையின் சொந்தக்காரர், தொட்டில் உள்ளே வந்தால் நீங்கள் வெளியே என்று சொல்லிவிட்டார்.

வீடு தேடினோம். விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசி எடுப்பேன். என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வீடு போய்விடும். என் பெயர் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் வந்து குடியேறும் அளவுக்கு நீளமில்லை.

ஸ்பானியர் சங்கத்தின் தலைவர், நான் பெட்டி அடுக்கிய தளபாடக் கிடங்கில் காவல் வேலை பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், ஸ்பெயினின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு மீன்பிடி ஊரிலிருந்து இங்கே நிலக்கரி வெட்ட வந்தவர். பீப்பாய் போன்ற நெஞ்சு. அவருடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே தரம். இருவருமே வினைச்சொல்லைக் கைக்கு வந்த இடத்தில் வைப்போம். அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவர் சொன்னதைத் தமிழில் எழுதும்போது 'தம்பி' என்ற சொல்லை நானே சேர்த்துக்கொள்கிறேன். அவர் அதைச் சொல்லவில்லை, குரலில் இருந்தது.

"வீடு தாறன் தம்பி. ஆனால் ஒரு வருசம் பரீட்சை. எங்கட ஊரில கொண்டாடுற எல்லாத்தையும் இஞ்சயும் கொண்டாடுவம். வெடி இருக்கும். நெருப்பு இருக்கும். மேளம் இருக்கும். முந்தி இருந்த ஜெர்மன்காரன் ஒவ்வொருமுறையும் பொலிசைக் கூப்பிட்டான். அவனுக்கு முந்தி இருந்த மனிசி, பூனைக்குச் சாப்பாடு இறங்குதில்லை எண்டு போயிட்டா. உனக்குச் சத்தம் பிரச்சினையோ?"

"சத்தமோ? நாங்கள் சத்தத்துக்கையே பிறந்து வளந்த ஆக்கள்," என்றேன்.

பக்கத்தில் நின்ற மனைவி இருமினாள். ரோஸ்டரிலிருந்து பாண் துள்ளினால் குசினியை விட்டு ஓடுகிறவன் நான் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த குடும்ப விஷயம். செல் குண்டு விழுகிற ஊரில் வளர்ந்தவனுக்குச் சத்தம் பழகிவிடும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். மழை நாட்டில் வளர்ந்தவன் நனைய மாட்டான் என்று நினைப்பதைப் போல.

வருட முடிவில், இலையுதிர் காலத்தில், சங்கம் கூடும். எங்களை வைத்திருப்பதா அனுப்புவதா என்று கையுயர்த்தித் தீர்மானிக்கும். அதுவரை நான் ஒரு பயமற்ற மனிதனாக நடிக்க வேண்டும். மார்கழியில் குடிபோனோம்.

*

முதல் பரீட்சை ஜனவரியின் முதல் வாரத்திலேயே வந்தது. அவர்களுடைய ஊரில் மூன்று அரசர்கள் படகில் வந்து இறங்கிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார்களாம். இங்கே கடல் இல்லாதபடியால் பியர் லொறியில் வந்தார்கள். நான் படலையில் நின்று வரவேற்றேன். வெள்ளைத் தாடி வைத்த அரசர், கல்லைப் போன்ற இனிப்புகளை இரண்டு கையாலும் அள்ளி வீசினார். அது சைக்கிள் கொட்டிலின் தகரக் கூரையில் படபடவென்று விழுந்தது.

அந்தத் தகரச் சத்தம் எனக்கு ஊரிலேயே தெரியும். அடுத்து நான் பார்த்தது லொறியின் அடிப்பாகம். என் மூக்குக்கு நேரே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அங்க என்ன தேடுறாய் தம்பி?"

"இனிப்பு," என்றேன்.

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. வெளியே வந்ததும் ஒரு பை நிறைய இனிப்புத் தந்தார். நெற்றி கிழிந்து இரத்தம் வந்துகொண்டிருந்த மனிதன் இனிப்புக்காக இப்படி அலைகிறானே என்று அவருடைய மனைவி கவலைப்பட்டார்.

மார்ச்சில் அட்டையாலும் மெழுகாலும் செய்த ஆளுயரப் பொம்மைகளை எரிப்பார்கள். எரிப்பதற்கு முதல், பட்டப்பகலில், மரத்துக்கு மரம் கயிறு கட்டி வெடிச்சரம் கொளுத்துவார்கள். எங்களுடைய சீனவெடி அதற்குப் பக்கத்தில் கொட்டாவி. மெல்லத் தொடங்கும். பிறகு ஒன்றையொன்று துரத்தும். முடிவில் தரை உடைந்து மேலே வருவதுபோல் இருக்கும். அதைக் கேட்டு அழுகிற ஸ்பானியர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அழுதது ஊர் நினைவில்.

நானும் ஊர் நினைவில்தான் பாய்ந்தேன். தலைவரின் மனைவி பூசணிப் பலகாரத் தட்டோடு எனக்கு முன்னால் வந்துகொண்டிருந்தார். அவரைப் பிடித்து நிலத்தில் விழுத்தி, மேலே படுத்து, அவருடைய தலையை என் கையால் பொத்திக்கொண்டேன். தட்டு பறந்தது. அவருடைய மணிக்கட்டு 'டக்' என்றது. வெடி ஓய்ந்து புகை கலைந்தபோது, சங்கத்தின் பாதிப் பேர் வட்டமாக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியான நேரத்தில் எல்லாருக்கும் மூளை நின்றுவிடும். எனக்குப் பொய் ஊறும்.

"எங்கட வழக்கம்," என்றேன். "நல்ல வெடி போட்டால் வீட்டில பெரியவையின்ர காலில விழுந்து கும்பிடுவம். நான் கொஞ்சம் தவறி மேல விழுந்திட்டன்."

நம்பினார்கள். நம்பியது மட்டுமில்லை, அன்று மாலை பொம்மை எரிந்து சாய்ந்தபோது, ஒரு கிழவர் மரியாதைக்காக என் முன்னால் முழங்காலில் நின்று எழும்பினார். நான் அவருடைய தலையில் கை வைத்து ஆசீர்வதித்தேன். வேறென்ன செய்வது.

"மனிசியின்ர கை பூசணிக்காய்போல வீங்கிக் கிடக்குது," என்றாள் என் மனைவி வீட்டுக்கு வந்ததும். "நீங்கள் அங்க சாமியாராகி நிக்கிறியள்."

"காப்பாத்தத்தானே பாய்ஞ்சனான்."

"ஆரிட்டயிருந்து?"



*

பெரிய வெள்ளியை நான் ஆபத்தான நாளாக நினைக்கவே இல்லை. துக்க நாள், வெடி கிடையாது என்று தலைவர் சொல்லியிருந்தார். ஊர்வலம் கோயிலில் புறப்பட்டு மண்டபத்தில் முடியும். நாங்கள் வாசலில் நின்றால் போதும். ஆறு மாத வயிற்றோடு மனைவியும் நானும் நின்றோம். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தெருமுனையில் மேளச் சத்தம், மெதுவாக, ஒவ்வொரு அடியாக. நான் தைரியமாகத்தான் இருந்தேன். மேளம்தானே.

பிறகு அவர்கள் திருப்பத்தில் வந்தார்கள். தலையிலிருந்து நெஞ்சுவரை மூடிய ஊதாத் துணி. உச்சி கூராக நின்றது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

இதை நான் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இருபது வயது தாண்டியிருந்த காலத்தில் ஒரு விடியற்காலை இராணுவத்தினர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் குந்தவைத்தார்கள். ஜீப்பில் ஒருவன் இருந்தான். அவன் தலையில் சணல் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வலப்பக்கம், வீட்டுக்கு. சாக்கு மேலும் கீழும் ஆடினால் இடப்பக்கம், லொறிக்கு. தலையாட்டி என்று சொல்வோம். அவன் எங்களில் ஒருவன்தான். யார் என்று தெரியாது. அதற்காகத்தான் சாக்கு.

எனக்கு முன்னால் போனவன் என்னோடு சைக்கிள் கடையில் வேலை செய்தவன். சாக்கு ஆடியது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். துவக்குப் பிடியால் அந்த வாயிலேயே இடித்தார்கள். பல் ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. விழுந்தவனை எழுப்பி மறுபடியும் இடித்தார்கள். லொறியில் ஏறும்போது அவன் ஒரு கையால் சாரத்தைச் சரிசெய்துகொண்டான். பிறகு அவனை எவரும் காணவில்லை.

அடுத்தது நான். சாக்கு என்னைப் பார்த்தது. மூச்சுக்கு அந்தச் சணல் உள்ளே போய் வெளியே வந்தது. ஆடவில்லை. வலப்பக்கம் போனேன். நடந்தேனா ஓடினேனா என்று தெரியாது.

இப்போது இந்தத் தெருவில், ஊதாத் துணி போட்ட ஒருவன் எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் நின்றான். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினான். மேலும் கீழும், இரண்டு தரம்.

அவனுக்குப் பக்கத்தில் வந்தவனின் கையிலிருந்த மெழுகுதிரித் தடியை நான் பறித்ததாகச் சொல்கிறார்கள். அந்தத் தலையில் அடித்தேன். முதல் அடியில் கூர் சரிந்தது. இரண்டாவது அடி முகத்தில். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஊதாத் துணி கறுத்து நனைந்தது. ஆள் முழங்காலில் விழுந்த பிறகும் அடித்தேன். மேளம் நின்றுவிட்டது. அந்த அமைதிதான் என்னைக் கலைத்தது. தடியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

எவ்வளவு தூரம் ஓடியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து மூலைவரை. அங்கே பழைய தாள் போடுகிற பெரிய நீலத் தொட்டி இருந்தது. ஏறி உள்ளே விழுந்து மூடியை இழுத்துக்கொண்டேன். எதிரியிடமிருந்து தப்ப, எதிரி நின்ற வாசலில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒளித்த வீரன் வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் மூடியில் தட்டும் சத்தம்.

"இஞ்சாருங்கோ."

தாள்களுக்குள் இன்னும் கீழே போனேன்.

"உங்கட ஒரு சப்பாத்து வெளியில கிடக்கு. ஆர் உள்ளுக்கை எண்டு முழுத் தெருவுக்கும் தெரியும். வெளியில வாங்கோ."

"போயிட்டாங்களோ?"

"ஆர்?"

"ஆமி."

அவள் குனிந்து சப்பாத்தை எடுத்தாள். பிறகு மூடியைத் தூக்கினாள். "ஆமி இல்லையப்பா. நீங்கள் அடிச்சது எங்களுக்கு வீடு தந்தவரை."

அந்தக் கணத்தில் எனக்கு ஆமியே பரவாயில்லை போலிருந்தது.

*

மறுநாள் தலைவர் மேலே வந்தார். இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சு. கண்களைச் சுற்றி நாவற்பழ நிறம். குசினிக் கதிரையில் உட்கார்ந்து, "சொல்லு," என்றார்.

"எங்கட வழக்கத்தில," என்று தொடங்கினேன்.

"சும்மா இருங்கோ," என்றாள் மனைவி.

அவள் அறைக்குள் போனாள். தலையணை உறை ஒன்றோடு வந்தாள். அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவருக்கு எதிரே, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்தாள். தலையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டினாள். உறைக்குள்ளிருந்தே, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் சொன்னாள்:

"எங்கட நாட்டில ஒரு ஆள் இப்பிடி வாறவர். இப்பிடி ஆட்டுவார். பேந்து லொறி. பேந்து அந்த மனிசன் இல்லை."

நான் எழும்பித் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஒழுகவில்லை, இருந்தாலும் பார்த்தேன்.

அவள் உறையைக் கழற்றித் தலைமயிரைச் சரிசெய்தாள். தலைவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் உனக்கு வணக்கம் சொன்னனான் தம்பி," என்றார். "பாவத்துக்கு வருந்திறவை அண்டைக்கு முகம் காட்டுறதில்லை. முகத்தை மூடினால் கதைக்கக் கூடாது எண்டது முறை. அதுதான் தலையை ஆட்டினது."

"தெரியும். இப்ப தெரியும்."

"முதலே சொல்லியிருக்கலாமே, உனக்கு இப்பிடி எண்டு."

"சொன்னால் வீடு தந்திருப்பியளோ?"

அவர் யோசித்தார். "இல்லை," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் என்னிடமிருந்தும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். சங்கத்தில் பலர் எங்களை உடனே வெளியேற்றச் சொல்கிறார்கள். ஊர்வலத்தில் இரத்தம் விழுந்தது அவர்களுக்குப் பெரிய குற்றம். அடிபட்டது தான்தான் என்பதால் கூட்டம்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அவரால் ஏலாது.

"இலையுதிர் காலத்தில எங்கட பெரிய விழா. மூர் எண்ட முஸ்லிம் ராசாமார் கடலால வந்து கோட்டையைப் பிடிச்சதும், கிறிஸ்தவர்கள் திருப்பிப் பிடிச்சதும். ரெண்டு படையாப் பிரிஞ்சு அடிபடுவம். பழைய துவக்கு, மெய்யான வெடிமருந்து, குண்டு மட்டும் இல்லை. நீ வந்து எல்லாருக்கும் முன்னால நில். ஓடாத. ஒருத்தருக்கும் அடிக்காத. அவ்வளவுதான். நிண்டால் நான் உனக்காகக் கதைப்பன். ஓடினால், தம்பி, பிள்ளையோட வேற இடம் பார்."

*

கோடை வந்தது. ஜூனில் மைதானத்தில் நெருப்பு மூட்டி அதன் மேலால் பாய்ந்தார்கள். அவர்களுடைய ஊரில் பிறகு கடலில் இறங்குவார்கள், இங்கே பிள்ளைகளின் ரப்பர்க் குளத்தில் காலை நனைத்தார்கள். ஒருவருடைய கால்சட்டை பற்றிக்கொண்டது. ஜூலையில் கடல் மாதாவை ரப்பர்ப் படகில் வைத்துக் கால்வாயில் இழுத்துப் போனார்கள். ஓகஸ்ட்டில், காளையைக் கடலுக்குள் துரத்துவதற்குப் பதிலாக, கொம்பு கட்டிய சுப்பர்மார்க்கட் தள்ளுவண்டியை ஓட்டி ஆட்களைத் துரத்தினார்கள். அது ஒரு ஜெர்மன் ஓய்வூதியக்காரரின் தொடையைக் கிழித்தது. எல்லாவற்றையும் நான் மேல்மாடித் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். கீழே எவரும் என்னைக் கூப்பிடவில்லை. படியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஜூலையில் மகள் பிறந்தாள். அவள் அழுத அழுகையில் கீழே ஒருமுறை இசையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மனைவி எனக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினாள். நான் எதிர்பாராத நேரத்தில் சட்டி மூடியில் அகப்பையால் ஓங்கி அடிப்பாள். முதல் நாள் மேசைக்குக் கீழே போனேன். இரண்டாம் நாள் அலுமாரிக்குள். அடுத்தமுறை நான் பாலைக் காய்ச்சிக்கொண்டு நின்றபோது அடித்தாள். கதிரையைத் தூக்கி எறிந்தேன். குசினி யன்னல் உடைந்து, கண்ணாடியில் பெரும்பங்கு கீழே மண்டப வாசலில் விழுந்தது. ஒரு துண்டு தொட்டிலுக்குள் கிடந்தது. மகள் அதற்கு ஒரு சாண் தள்ளி நித்திரையாக இருந்தாள்.

மனைவி அகப்பையைக் கழுவி வைத்தாள். அதன்பிறகு அவள் பயிற்சி தரவில்லை. அந்தக் கண்ணாடித் துண்டை நான் எடுத்ததைச் சொல்லி இங்கே சிரிக்க முடியவில்லை. மன்னியுங்கள், கொஞ்சத்தில் சரியாகிவிடும்.

*

சண்டை நாள் ஒக்டோபரில், குளிரான ஒரு மத்தியானம். மண்டபத்துக்குப் பின்னால், சுரங்கக் காணியில், நான் கிடங்கிலிருந்து கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளை அடுக்கிக் கோட்டை கட்டியிருந்தார்கள். அயலிலுள்ள ஜெர்மன்காரர்கள் சொசேஜும் பியருமாக வேலியோரம் கூடினார்கள். நான் மூர் படை. மற்ற மூர்கள் முகத்துக்குக் கரி பூசினார்கள். எனக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். தலைப்பாகை, பெரிய தொளதொளக் கால்சட்டை, கையில் கொடி. துவக்கு தரவில்லை. அதுவரை நடந்ததை வைத்துப் பார்த்தால் நானும் தந்திருக்க மாட்டேன்.

என் பக்கத்தில் நின்றவர் பஸ் ஓட்டுநர், எங்கள் படையின் தளபதி. அவர் எனக்கு விளக்கினார்: முதல் வெடிக்கு எல்லாரும் நிற்க வேண்டும், அடுத்த இரண்டு வெடிக்குள் பாதிப் பேர் செத்து விழ, மிச்சம் மண்டபத்துக்குள் ஓட வேண்டும். அங்கே பியர் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினேன். என் தலைக்குள் ஒரு சொல் மட்டும்தான் இருந்தது: ஓடாதே.

கிறிஸ்தவர் படைக்குத் தலைவர்தான் தளபதி. வளைந்துபோன மூக்கோடு, தகரத் தொப்பியோடு வந்தார். முதல் வெடி.

அது காதில் கேட்கவில்லை. நெஞ்சில் கேட்டது. மருந்து வாசம் மூக்கில் ஏறியது. என் கால் ஓடத்தான் சொன்னது, சத்தியமாகச் சொன்னது. ஆனால் முழங்காலில் ஏதோ பூட்டு விழுந்துவிட்டது. இரண்டாவது வெடி. என் வலப்பக்கத்தில் ஒருவர் அலறிக்கொண்டு விழுந்தார். இடப்பக்கத்தில் ஒருவர். மூன்றாவது வெடிக்குப் பஸ் ஓட்டுநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் காலடியில் சாய்ந்தார். நாக்கு வெளியே தொங்கியது. நான் இரத்தத்தைத் தேடினேன். அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஓடு," என்றார். "எனக்கும் ஒரு பியர் எடுத்து வை."

மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். சுற்றிலும் கிடந்த பிணங்களைப் பார்த்தேன். ஒரு பிணம் சிகரெட் பற்றவைத்தது. இன்னொன்று குளிர்கிறது என்று எழும்பிப் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு போனது. கிறிஸ்தவர்கள் மறுபடியும் சுட்டார்கள். ஒருவர் விழுந்தார். எழும்பினார். எனக்கு அது விளங்கவே இல்லை. இவ்வளவு துவக்கு, இவ்வளவு புகை, விழுந்த ஒவ்வொருவனும் எழும்பி வீட்டுக்குப் போகிறான்.

தலைவர் என் முகத்துக்கு முன்னால் வந்துவிட்டார். "ஓடு தம்பி," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்ப ஓடோணும்."

"ஓட வேண்டாம் எண்டனீங்கள்."

"அது வேற. இப்ப நீ தோக்கோணும். கோட்டையை நாங்கள் பிடிக்கோணும்."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"கால் வருகுதில்லை."

அவர்கள் என்னைச் சுற்றி நின்று சுட்டார்கள். காதுக்குப் பக்கத்தில், காலுக்குப் பக்கத்தில். தலைப்பாகையில் பொறி விழுந்து புகைந்தது. வேலியோரத்து ஜெர்மன்காரர்கள் கை தட்டத் தொடங்கினார்கள். கோட்டை வாசலில் கொடியோடு தனியாக நிற்கிற கறுத்த வீரன். இதுதான் கதை என்று நினைத்திருப்பார்கள். கிறிஸ்தவர்களிடம் மருந்து தீர்ந்துவிட்டது.

அப்போது அவர்களில் ஒருவர், எங்களை வெளியேற்றச் சொல்லிப் பெரிய வெள்ளியிலிருந்து கத்திக்கொண்டிருந்தவர், என்னிடம் வந்தார். விழா கெட்டுப்போன கோபம். துவக்கைத் திருப்பிப் பிடித்துப் பிடியை என் முகத்துக்கு நேரே ஓங்கினார்.

நான் கண்ணை மூடவில்லை. மூடவும் ஏலவில்லை. மரத்தில் இருந்த கீறல் தெரிந்தது. வாயை மட்டும் இறுக்கிக்கொண்டேன், பல்லுக்காக.

அடி விழவில்லை. தலைவர் அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினார். அவர் திருப்பிக் குத்தினார். தலைவரின் தகரத் தொப்பி உருண்டோடியது. அவருடைய மச்சான் இவருக்கு அடிக்க, இவருடைய அயலவர் அவருக்கு அடிக்க, கிறிஸ்தவர் படை முழுவதும் தங்களுக்குள் அடிபடத் தொடங்கியது. இது நடிப்பில்லை. சட்டைகள் கிழிந்தன. ஒருவர் கடித்தார். ஒருவருடைய காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு ஓடியது. அட்டைக் கோட்டை சரிந்து அவர்களுக்கு மேலே விழுந்தது. செத்துக் கிடந்த மூர்கள் வசதியாக எழும்பி உட்கார்ந்து பார்த்தார்கள்.

நான் நின்றேன்.

புகைக்குள்ளால் என் மனைவி வந்தாள். வீட்டுச் செருப்பு, ஒரு தோளில் மகள். என் விரல்களைக் கொடித்தடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"காணும். வாங்கோ."

"முடிஞ்சுதோ?"

"உங்களோட அடிபட ஆக்கள் இல்லை. எல்லாரும் தங்களுக்கை அடிபடுகினம்."

"நான் ஓடேல்லை."

"ஓம். பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

முழங்காலை அவள் கையால் தட்டிய பிறகுதான் அது மடிந்தது. படியேறும்போது, அந்தக் கால்சட்டை ஏன் அவ்வளவு பெரிதாகவும் கடும் நிறத்திலும் தைக்கப்படுகிறது என்று எனக்கு விளங்கியது. மூர் ராசாமார் அனுபவசாலிகள். அதைத் துவைத்தது நான்தான், ஒருவருக்கும் காட்டாமல்.

*

கூட்டத்துக்கு நான் போகவில்லை. தரைக்குக் காதை வைத்துக் கேட்டோம். ஸ்பானிய மொழி விளங்காது, கத்தல் விளங்கும். பிறகு பஸ் ஓட்டுநர் மேலே வந்து எல்லாவற்றையும் சொன்னார். எதிர்த்தவர்கள், விழாவை நாசமாக்கினான் என்றார்களாம். தலைவர், ஓடாதே என்று சொன்னேன், அவன் ஓடவில்லை, வேறு கதை வேண்டாம் என்றாராம். கை உயர்த்தியபோது கிறிஸ்தவர்கள் பாதிக்குப் பாதி பிரிந்துவிட்டார்கள்.

"பேந்து?" என்று கேட்டாள் மனைவி.

"பேந்து நாங்கள். மூர் படை முழுக்கக் கை தூக்கினது. ஒருத்தர் மிச்சமில்லை." பஸ் ஓட்டுநர் பியர்ப் போத்தலைத் திறந்தார். "நான் சின்னப் பிள்ளையா இருந்த காலத்தில இருந்து ஒவ்வொரு வருசமும் தோத்துக்கொண்டு வாறம். முதல்முறையாக் கோட்டை எங்களிட்ட இருந்தது. அவனை அனுப்பேலாது எண்டிட்டம்."

ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் சண்டை நாளில் நான் மேல்மாடியை விட்டு இறங்கக் கூடாது. நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, ஆள் ஒருவிதமாகத் தேறிவிட்டான் என்று நினைத்தால் அது என் எழுத்தின் பிழை. அடுத்த ஞாயிறு காலை தலைவர் எங்கள் பெயர்த் தகட்டோடு வந்தார். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஓட்டை போட்டால் அயல் முழுவதும் பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கும். அவருக்கு அது பொருட்டில்லை. வாசற்சுவரில் துளைபோடும் இயந்திரத்தை வைத்து அழுத்தினார்.

எனக்குத் தெரிந்தபோது நான் குளியல் தொட்டிக்குள் கிடந்தேன், மகளை நெஞ்சில் பொத்திக்கொண்டு. அவள் என் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடினாள்.

"எங்க அவன்? வந்து பாக்கச் சொல்லு," என்று தலைவரின் குரல் கேட்டது.

"குளிக்கிறார்," என்றாள் மனைவி.

"தண்ணிச் சத்தம் கேக்கேல்லையே."

அவள் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டாள், முழுக்க, குளிர்ப் பக்கத்தை. உடுப்போடு கிடந்த நான் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் குளித்தேன்.